இடது பலகை

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

சாப்பாடு தயார் என்பதைத் தட்டு வைக்கும் சத்தம் சொன்னது. குளியலறை காலி என்பதைக் கதவு சொன்னது. பின்னறையில் கண்ணில் புரையோடு உட்கார்ந்திருக்கும் மாமனார் மட்டும் "ஏம்மா" என்று குரல் கொடுப்பார். இரண்டு மருமகள்களும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்து, இருவருமே உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் அவரே சுவரைத் தடவிக்கொண்டு வந்து தண்ணீர் மொண்டு குடிப்பார்.

"இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்பார். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். "பஸ் ஸ்டாண்டுலகூட மைக்ல கூப்பிடுவான்."

நடந்தது இவ்வளவுதான். போன வாரம், பொழுது சாயும் நேரம். மூத்த மருமகளான தையல்காரி கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். முட்டைகோஸ் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் ஒருவன் முதுகைக் காட்டி நடந்து போனான். இடது காலை லேசாக இழுத்து, வலது தோளைச் சாய்த்து, ஒவ்வோர் அடிக்கும் தலையை ஆமாம் ஆமாம் என்பதுபோல் ஆட்டி. அவள் நிமிர்ந்தாள். வாய் தானாகத் திறந்தது.

"என்னங்க..."

திரும்பியவன் அவளுடைய கொழுந்தன். இளையவன். வாசலில் கிளினிக் வேலை முடிந்து வந்த கைப்பையோடு நின்றிருந்தாள் அவன் மனைவி, சின்னவள்.

ஒரு பெண் அந்தச் சொல்லால் ஓர் ஆளைத்தான் அழைப்பாள். தையல்காரிக்கு உரிய அந்த ஆள் மண்ணுக்குள் போய் மழைக்காலம் ஒன்று கழிந்துவிட்டது.

வாரம் ஒன்று கழிந்து, இன்று காலையும் சத்தம் கேட்டது.

டக்... டங்ங். டக்... டங்ங்.

வீட்டுக்குப் பின்னால் கிணற்று மேட்டில் நிற்கும் மிதி பம்பின் சத்தம் அது. இரண்டு நீளப் பலகைகள். ஒரு முனையில் இரும்பு அச்சு. மறு முனையில் மனிதன் நின்று, படி ஏறுவதுபோல் மாற்றி மாற்றி மிதிப்பான். பலகைகளை ஒரு கயிறு மேலே கப்பியில் இணைத்திருக்கும். ஒன்று இறங்கினால் மற்றொன்று ஏறும். ஒவ்வொரு பலகைக்கும் அடியில் ஒரு சிலிண்டர். அதற்குள் தோல் வாஷர் மாட்டிய கம்பி ஏறி இறங்கித் தண்ணீரை இழுக்கும். அந்தக் கிணற்றின் ஊற்று மெதுவாகத்தான் சுரக்கும். என்ஜினைப் போட்டால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் சேற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். மனிதக் கால் இழுக்கிற அளவுக்குத்தான் அது தண்ணீர் தரும்.

அந்தப் பம்பைத் தையல்காரியின் கணவன், மூத்தவன், தன் உடம்புக்கு ஏற்றபடி செய்துகொண்டான். சின்ன வயதில் ஒடிந்து குட்டையாகிச் சூம்பிப்போன இடது கால் அவனுக்கு. அதற்காக இடது பலகையின் அச்சை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பொருத்தியிருந்தான். இடது சிலிண்டரை அச்சுக்குக் கிட்டே தள்ளி வைத்திருந்தான், சூம்பிய காலுக்குக் கனம் தெரியக் கூடாது என்று. அதனால் இடது பக்கம் தண்ணீர் கொஞ்சமாக வரும், வலது பக்கம் நிறைய. பம்பு ஒரு சின்ன வாயும் ஒரு பெரிய வாயுமாகத் துப்பும். வாய்க்காலில் தண்ணீர்கூட நொண்டிக்கொண்டேதான் போகும்.

அவன் அங்கே மிதிக்க, தையல்காரி இங்கே ஜன்னலோரம் தையல் மெஷினை மிதிப்பாள். எப்போது ஆரம்பித்ததென்று தெரியாது, அவள் காலும் அந்தத் தாளத்துக்கே போகப் பழகியிருந்தது. "உனக்கு அந்த மெஷின், எனக்கு இந்த மெஷின். சம்பளம்தான் ரெண்டு பேருக்கும் கிடையாது" என்பான். அவன் இறந்த காலையிலும் அப்படித்தான். சத்தம் நின்றது. தண்ணீர் குடிக்க இறங்கியிருப்பான் என்று நினைத்து, கையிலிருந்த சட்டைக் காலரை முடித்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.

நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். முன்னறிவிப்பே இல்லாமல் வரும் என்றார்கள்.

சில வாரங்கள் பம்பு ஊமையாகக் கிடந்தது. நாற்று தலை சாய்ந்தது. ஒரு நாள் காலை திடீரென்று, டக்... டங்ங். அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் கோட்டை விட்டு விலகித் துணியைக் குறுக்கே வெட்டியது. ஓடிப்போய்ப் பார்த்தாள். இளையவன். ஆனால் அந்தப் பலகைகளில் ஏறி நிற்கிற எவனும் வலது காலால் அழுத்தி இடது காலை இழுத்தே ஆக வேண்டும். பம்பு அவனுக்கு அண்ணன் நடையைக் கற்றுக் கொடுத்தது. பிறகு அவன் கீழே இறங்கிய பிறகும் அந்த நடை அவனை விடவில்லை.

அதுவும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், காலையில் அந்தச் சத்தம் வந்தால்தான் அவளால் ஊசியில் நூல் கோக்க முடிந்தது.

சத்தம் ஓய்ந்தது. இளையவன் பின்வாசல் வழியாக வந்தான். உட்காரும்போது இடுப்பில் கை வைத்து, மேசையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவளைப் பார்க்காமல் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துச் சொன்னான். "வெல்டர் மத்தியானம் வர்றேன்னாரு."

"எதுக்கு?"

"இடது பக்கத்தை அறுத்துச் சமமா வச்சு ஒட்ட."

அவள் மெஷினில் துணியை நகர்த்தினாள். ஊசி இறங்கவில்லை, காலை எடுத்துவிட்டிருந்தாள்.

"அறுத்தா மறுபடி பழையபடி வைக்க முடியுமா?"

"முடியாது. அச்சு உட்கார்ற இடத்தையே வெட்டணும்." மேசையைப் பிடித்தபடி இடுப்பை நகர்த்தினான். "நீங்க சரின்னு சொன்னாத்தான். இல்லேன்னா அவரை வந்த வழியே அனுப்பிடறேன். அது அண்ணன் கையால செஞ்சது. நான் என் இஷ்டத்துக்குத் தொட மாட்டேன்."

அண்ணி என்று ஒரு முறைகூட அவன் சொல்லவில்லை. வாயருகே வந்து திரும்பிப் போனது அவளுக்குத் தெரிந்தது.

சின்னவள் மத்தியான இடைவேளைக்கு வந்தாள். டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனால் மத்தியானம் எட்டிப் பார்ப்பாள். வந்தவள் கைப்பையை ஆணியில் மாட்டவில்லை. நேராகத் தையல் மெஷின் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா."

ஒரு வாரத்தில் அந்த வீட்டில் மாமனாரைத் தவிர ஒருவர் ஒருவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லு பாப்பா."

"நான் கோபமா இருக்கேன்னு நெனச்சிருப்பீங்க."

"இல்லியா?"

"அன்னிக்குக் கோபம்தான். வண்டி வண்டியா கோபம். இப்ப கோபம் இல்லக்கா. பயம்."

தையல்காரி நிமிர்ந்தாள்.

"தூக்கத்துல திரும்பிப் படுக்கும்போதுகூட அந்தக் காலை இழுத்துத்தான் திரும்புறாரு. டாக்டர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துட்டு, நல்லா இருந்த காலாச்சே, யாரும்மா கெடுத்தது-ன்னு கேக்கிறாரு. நான் என்னன்னு சொல்ல? செத்துப்போன அண்ணன்னு சொல்லவா?"

"நான் வேணும்னு கூப்பிடல பாப்பா. முதுகைப் பார்த்ததும்..."

"அது தெரியும்க்கா! எனக்கே பின்னாலருந்து பார்த்தா அத்தான் போறாப்பல இருக்கு. நீங்க கூப்பிட்டது தப்பில்ல. கூப்பிட்டதும் அவர் திரும்பினாரு பாருங்க, அதான் எனக்குத் தூக்கம் போச்சு. தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னு திரும்பினாரு." சின்னவளின் குரல் தழுதழுத்தது. உடனே அதைக் கடுமையாக்கிக்கொண்டாள். "உங்க புருஷன் நடையை என் புருஷன் உடம்புல நடக்க விடாதீங்க. எனக்கு அவர் வேணும். இல்லேன்னா நாங்க கிளம்பிடறோம். டவுன்ல ஒரு ரூம் பார்த்திருக்கேன்."

"பார்த்தாச்சா! சாவியும் வாங்கியாச்சா?"

"இன்னும் இல்ல. சாவி உங்க கையில இருக்கு."

சொல்லிவிட்டுச் சின்னவள் சமையலறைக்குள் போனாள். ஒரு பாத்திரம் விழுந்தது. ஒருத்தி அழுவதை மறைக்கப் பாத்திரங்கள் எத்தனை உதவி செய்யும் என்பது தையல்காரிக்குத் தெரியும். அவளும் அந்தச் சமையலறையில்தான் அழுதிருக்கிறாள்.

மாமனாருக்குத் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் நாற்காலி எப்போதும் கிணற்றைப் பார்த்த ஜன்னலை ஒட்டித்தான் இருக்கும். பார்க்க முடியாது, கேட்பதற்குத்தான்.

"வெல்டர் வர்றானாமே" என்றார்.

"உங்க காதுக்கு எட்டாதது எதுவுமே கிடையாதா மாமா?"

"கண்ணு போனப்புறம் காதுதானே எனக்கு மருமக மாதிரி. சொல்லாமலே கொண்டுவந்து வைக்குது." சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "ஏம்மா, எனக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?"

"ஐயோ, யாரு சொன்னது?"

"காலையில பம்பு சத்தம் கேட்டதும், வந்துட்டியாடான்னு கேக்கிறேனே. அதுக்குத்தான். நல்லாக் கேட்டுக்க. அவனைத் தூக்கிட்டுப் போனப்ப முன்னாடி நடந்தவன் நான். அவன் செத்தது எனக்குத் தெரியும். ஆனா சத்தம் சாகலையே. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப வெட்ட வேணாம்னு சொல்றீங்களா?"

"வேணாம்னுதான் சொல்றேன். ஆனா நான் சொல்றதைக் கேக்காதே."

"என்ன மாமா இது, ஒரு வழியா சொல்லுங்க."

"வேணாம்னு சொல்றது செத்தவனோட அப்பன். உயிரோட இருக்கிறவனுக்கும் நான்தான் அப்பன். அவன் எஞ்சினும் தட்ட ஆரம்பிச்சிருக்கு, வலது பக்கம் அதிகமா. வாசப்படி ஏறும்போது கேக்குது." தட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் பேசியாச்சு. இனி உன் பாடு."

வெல்டர் தன் மூன்று சக்கர வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாயைத் திறந்தால் மூடாத ஆள். பம்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இரும்பைத் தட்டி, கப்பியை உருட்டிப் பார்த்தார்.

"என்ன வேலைப்பாடு! நான் இரும்பை மட்டும்தான் ஒட்டிக் குடுத்தேன். யோசனை பூரா அவரோடது. மனுஷன் தன் காலை அளந்து ஒரு மெஷின் செஞ்சிருக்காரு பாருங்க. நான் என் தலையை அளந்து ஒரு தொப்பி வாங்கினேன், அதுவே சேரல."

யாரும் சிரிக்கவில்லை. இளையவன் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றான். சின்னவள் அன்று பிற்பகலுக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள்; வாய்க்கால் ஓரம் தள்ளி நின்றாள்.

"வெட்டலாமா?" என்றார் வெல்டர்.

மூன்று பேரும் தையல்காரியைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "நான் ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன்."

அவள் அதில் ஏறியதே இல்லை. வாஷருக்குத் தோல் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். எண்ணெயில் ஊறவைத்துக் கிண்ணம்போல் வளைத்து, அவன் கையில் கொடுப்பாள். அதோடு சரி. ஏற அவன் விட்டதில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். கைப்பிடிக் கம்பி அவள் கழுத்துக்கு வந்தது. கையைத் தூக்கித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பலகை வழுவழுவென்று இருந்தது. வலது பலகையில் ஒரு குழி, இடதில் இன்னும் சின்னக் குழி. அவன் பாதம் தேய்த்த குழிகள். அவற்றில் அவள் பாதம் போய் உட்கார்ந்தது. வெயிலில் கிடந்த மரம் உடம்புச் சூட்டில் இருந்தது.

மிதித்தாள்.

டக்... டங்ங்.

அவ்வளவு கிட்டத்தில் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. உள்ளங்கால் வழியாக ஏறி முதுகெலும்பு வரைக்கும் வந்தது. டக்... டங்ங். உடம்பு தானாகச் சாய்ந்தது. தலை தானாக ஆடியது, ஆமாம் ஆமாம் என்று. இத்தனை வருடம் வெளியிலிருந்து பார்த்த நடை இப்போது அவளுக்குள் இருந்தது. இதை எப்படி வெட்டச் சொல்வது?

கீழே கிணற்றைப் பார்த்தாள்.

தண்ணீரில் ஒருவன் மிதித்துக்கொண்டிருந்தான். வலது தோள் சாய்ந்து, இடது கால் இழுத்து. முகம் இருட்டில் தெரியவில்லை. அவள் கால் நின்றால் அவனும் நின்றான். அவள் சாய்ந்தால் சாய்ந்தான். அவன் எப்போது தலையைத் தூக்கி மேலே பார்ப்பான் என்று அவள் காத்திருந்தாள். காத்துக்கொண்டே மிதித்தாள். பின்னால் யாரோ "போதும்க்கா" என்றது கேட்டது. நிற்கவில்லை.

வலது இடுப்பில் சுரீர் என்று ஒரு வலி. இன்னொரு அடி. மறுபடி அதே இடத்தில், ஊசி உடைந்து உள்ளே தங்கியதுபோல.

அப்போதுதான் இளையவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்து நின்ற விதம், கனத்தையெல்லாம் ஒரு காலுக்கு மாற்றி, மற்றதைத் தூக்கிப் பிடித்திருந்த விதம். இத்தனை மாதமும் இந்த ஊசியோடு தினமும் ஏறியிருக்கிறான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டு மகிழ்வதற்காக. ஒரு நாளும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

மறுபடி கிணற்றுக்குள் பார்த்தாள். அங்கே மிதித்துக்கொண்டிருந்தது அவள் புடவை, அவள் கூந்தல்.

இதில் ஏறுகிற எல்லோரும் அவனாகிவிடுவார்கள். அவன் மட்டும் வர மாட்டான்.

இறங்கினாள். வலது காலை ஊன்ற முடியவில்லை. சின்னவள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். தையல்காரி அந்தக் கையை விலக்கவில்லை.

"தம்பி" என்றாள் இளையவனைப் பார்த்து, தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி. "இவ்வளவு வலிக்குதுன்னு ஏன்ப்பா சொல்லல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க அந்த நேரத்துலதான் அண்ணி, மெஷின்ல உட்கார்றீங்க. நான் மிதிக்காம இருந்தப்ப நீங்க அந்தப் பக்கமே போகல."

அவள் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டாள். "வெட்டுங்க" என்றாள் வெல்டரிடம்.

வெல்டர் ஜெனரேட்டர் கயிற்றில் கை வைத்தார். "அப்ப அவர் சொன்ன அளவுலயே வச்சிடட்டுமா? இல்ல புதுசா அளக்கணுமா?"

"எவர் சொன்ன அளவு?"

"அவர்தான். உங்க வீட்டுக்காரர்."



வெல்டர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்! போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பட்டறைக்கு வந்தாரே. ரெண்டு பலகையையும் சமமா வைக்கணும், ரெண்டும் லேசா இருக்கணும், கைப்பிடிக் கம்பியைத் தாழ்த்தணும்னாரு. கம்பியை நான் வளைச்சே வச்சிட்டேன். அப்புறம் சாவுச் செய்தி வந்திச்சு. அந்த நேரத்துல கம்பியைத் தூக்கிட்டு வந்து நிக்கவா முடியும்? பட்டறைக்குப் பின்னாடி கிடந்துச்சு. இன்னிக்கு ஞாபகம் வந்து எடுத்துட்டு வந்தேன்."

வண்டியின் அடியிலிருந்து துருப்பிடித்த ஒரு வளைந்த கம்பியை இழுத்துப் போட்டார்.

"அவர் காலுக்கு அது சமமா இருந்தா மிதிக்க முடியாதே" என்றான் இளையவன்.

"நானும் அதையேதான் கேட்டேன். எனக்கு இல்லய்யா, என் சம்சாரத்துக்குன்னாரு. அவங்க உயரம் என்னன்னு கேட்டேன். மனுஷன் தன் சட்டையைக் காட்டுறாரு. இந்த ரெண்டாவது பட்டன் வரைக்கும் அவ தோள் வரும்னாரு. நான் அந்தப் பட்டனைத்தான் அளந்தேன்."

தையல்காரியின் கை தன் தோளைத் தொட்டது. அந்தச் சட்டையைத் தைத்தவள் அவள். அந்தப் பட்டனை வைத்தவள் அவள்.

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். நான் எங்கியாவது போயிட்டா அவ மிதிக்கணுமில்லன்னு சிரிச்சாரு. வெளியூர்ல ஏதோ வேலை கெடைச்சிருக்கு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் கயிற்றை இழுத்தார். ஜெனரேட்டர் உறுமியது. நீலப் பொறி பறந்தது. எல்லோரும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். தையல்காரி மட்டும் திருப்பவில்லை. கண் எரிந்து தண்ணீர் கொட்டும்வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் பொருத்திய இரும்பு சிவந்து, துண்டாகி, புல்லில் விழுந்தது.

வேலை முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இளையவன் முதலில் ஏறினான். கம்பி அவன் இடுப்புக்குத்தான் இருந்தது, கூனிக்கொண்டு பிடித்தான்.

"இது உங்க அளவு இல்ல தம்பி, இறங்குங்க" என்றார் வெல்டர். "யாருக்கு அளந்ததோ அவங்க ஏறட்டும்."

தையல்காரி ஏறினாள். கம்பி சரியாக அவள் கைக்கு வந்து நின்றது. யாரோ அவள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்ததுபோல. தோல் வாஷர் ஊறிப் பிடிக்க, இளையவன் ஒரு வாளித் தண்ணீரைச் சிலிண்டர்களின் தலையில் ஊற்றினான்.

மிதித்தாள். டங். டங். டங். டங்.

இரண்டு காலுக்கும் ஒரே கனம். இரண்டு பக்கமும் ஒரே அளவு தண்ணீர். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டுப் போகாமல் ஒரே ஓட்டமாகப் பாத்திக்குள் நுழைந்தது. நன்றாக இருந்தது. அந்நியமாகவும் இருந்தது.

பின்னறை ஜன்னலிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "யாரது மிதிக்கிறது?"

"நான்தான் மாமா!"

பிறகு, "நிதானமா ஓட்டு" என்றார். ஜன்னல் கதவு சாத்தப்பட்டது.

வெல்டர் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். இளையவன் பம்புக்கு அருகில் குனிந்து காதை வைத்துக் கேட்டான். "நிறுத்தாதீங்க அண்ணி. வாஷர் இன்னும் பிடிக்கல. இப்ப நின்னா ஏறின தண்ணி அத்தனையும் கீழ இறங்கிடும்."

சின்னவள் வாய்க்கால் ஓரம் குந்தி உட்கார்ந்து, ஓடும் தண்ணீரில் கையை அளைந்துகொண்டிருந்தாள். நாள் முழுக்க இறுகியிருந்த முகம் இப்போதுதான் தளர்ந்திருந்தது. தையல்காரிக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்தாள்.

"பழக்கமில்லல்ல, பார்த்துக்கா. நெஞ்சை அடைச்சா உடனே இறங்கிடுங்க. அத்தான் மாதிரி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, வலி போறவரைக்கும் சமாளிக்காதீங்க."

டங். டங்.

"சரி பாப்பா" என்று சொல்ல வாயெடுத்த தையல்காரி அதைச் சொல்லவில்லை.

சின்னவள் விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போகிறவள். மூத்தவன் பம்பில் ஏறியதே அந்த பஸ் போன பிறகுதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றதை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தையல்காரியே பார்த்ததில்லை.

"அவர் அப்படி நின்னதை நீ எப்ப பார்த்தே?"

தண்ணீரில் சின்னவளின் கை நின்றது. விரல்களைச் சுற்றி ஓட்டம் இரண்டாகப் பிரிந்தது.

"நான்... பார்க்கலக்கா."

"பார்க்கலேன்னா, யார் சொன்னா?"

இளையவன் மெல்ல நிமிர்ந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் தெரியாது என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

"என்னடி?" என்றான். "அண்ணன் உங்க கிளினிக்குக்கு வந்தாரா?"

சின்னவள் உதட்டைக் கடித்தாள். வீட்டைப் பார்த்தாள், சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தாள், போக்கிடம் தேடுகிறவள்போல. கடைசியில் கண்கள் பம்பின் மேல் வந்து நின்றன.

"ஒரு தடவை இல்ல" என்றாள் மிக மெதுவாக. "டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாரு. அவர் போகல. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு என் தலையில கை வச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு."

தையல்காரியின் கால்கள் நின்றுவிடப் பார்த்தன. குழாயில் தண்ணீர் இளைத்தது. பல்லைக் கடித்து மறுபடி அழுத்தினாள். இடது, வலது. இடது, வலது.

"வாங்கினவர் இப்ப இல்ல பாப்பா" என்றாள். "கேக்கிறவ இருக்கேன்."

சின்னவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.